இரண்டாம் சரணத்தில் ஒரு இடைவெளி

1

இந்த மாதத்தோடு நான் ஜெர்மனிக்கு வந்து இன்னொரு வருஷம் முடிந்தது. எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். என் கணவர்தான் விடாமல் வருஷா வருஷம் இந்த நாளில் சேமியா பாயசம் வைக்கிறார். இந்த முறை கிண்ணத்தை வாங்கிக்கொண்ட என் மகள் ரூத், "எதற்குக் கொண்டாடுகிறோம்? இங்கே வந்ததற்கா, திரும்பிப் போகாததற்கா?" என்று ஜெர்மனில் கேட்டாள். பதினாறு வயது. பதிலுக்குக் காத்திராமல் காதில் மாட்டுவதை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். பாயசம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அலுப்பாக இருந்தது.

அன்று காலை வசிப்பு அட்டையைப் புதுப்பிக்க வெளிநாட்டவர் அலுவலகம் போயிருந்தேன். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயர்தான் பின்னால் வரும். நான் வந்த புதிதில் யாரோ ஒருவர் படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டார். அன்றிலிருந்து நான் திருமதி ஞானமுத்து. இங்கே பிறந்த ரூத்துக்கு எந்தக் குடும்பப் பெயர் என்று கேட்டபோது அதையே கொடுத்தோம், அவளும் ஞானமுத்து. சித்தூரில் மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் லாரிகளுக்கு எடைபோட்டு ஓய்வு பெற்ற ஒரு மனிதரின் பெயரை, இங்கே காத்திருப்பு அறையில் ஒரு பெண்மணி 'க்னானமுட்டு' என்று கூப்பிடுகிறார். பெயருக்குச் சொந்தக்காரர் இன்றுவரை விமானத்தில் கால் வைத்ததில்லை.

உள்ளே போய் உட்கார்ந்ததும் வழக்கமான கூத்து. எனக்கு அரசாங்க அலுவலகம் என்றாலே வாயில் தெலுங்குதான் வரும். தாசில்தார் ஆபீஸ், மின்சார ஆபீஸ், பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் அறை எல்லாவற்றிலும் தெலுங்கு பேசி வளர்ந்தவள். வீட்டுக்கும் கோயிலுக்கும் தமிழ், மேஜைக்கு அந்தப் பக்கம் ஆள் உட்கார்ந்திருந்தால் தெலுங்கு. அந்த ஜெர்மன் பெண்மணி "முகவரி மாறவில்லையே?" என்று கேட்டார். நான் "லேதண்டி" என்றேன், இல்லைங்க என்று. அவர் அதையும் ஏதோ ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு தட்டச்சு செய்தார்.

இங்கே பிரேமனில் தமிழர்கள் இல்லாமல் இல்லை. பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், நல்ல மனிதர்கள். "அக்கா, தமிழ்நாட்டில எந்த இடம்?" என்பார்கள். ஆந்திரா என்றால், "அப்ப நீங்கள் தெலுங்கு ஆக்களோ?" என்று அடுத்த கேள்வி வரும். ஆரம்பத்தில் சித்தூர் ஜில்லாவின் சரித்திரத்தையே எடுத்துச் சொல்வேன். இப்போதெல்லாம், "வேலூர் பக்கம்" என்று முடித்துக்கொள்கிறேன்.

2

என் வேலையைப் பற்றி ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. திருப்பதியில் இருக்கும் என் தம்பி சாமு என்னை 'வெதர் சயின்டிஸ்ட்' என்று அறிமுகப்படுத்துவான். நாளைக்கு மழை வருமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னால் மழை எப்படி நின்றது என்று கேட்டால் கொஞ்சம் சொல்வேன்.

கடலடியிலும் ஏரியடியிலும் நீளக் குழாயை இறக்கி மண்ணை எடுப்பார்கள். அடியில் இருப்பது பழைய மண், மேலே இருப்பது புதுசு. அதை மெல்லிய துண்டுகளாக வகுந்து, ஒவ்வொரு துண்டிலும் அந்தக் காலத்து ஈரம், வறட்சி, வெப்பம் எல்லாம் என்ன தடம் விட்டிருக்கிறது என்று பார்ப்போம். இன்றைக்கு மணலாகக் கிடக்கும் பாலைவனத்தில் ஒரு காலத்தில் ஏரியும் புல்லும் இருந்தன. பூமியின் பழைய கதையில் இப்படி நிலைமை சடாரென்று மாறிய இடங்கள் பல உண்டு. மாறியது தெரிகிறது. மாறுவதற்கு முன்னால் ஏதாவது அறிகுறி இருந்ததா என்பதுதான் எங்கள் கேள்வி.

அறிகுறி என்றால் பெரிய வறட்சியோ பெரிய வெள்ளமோ என்று நினைப்பீர்கள். அவை எல்லாக் காலத்திலும் வந்து போகின்றன. நாங்கள் தேடுவது வேறு. ஒரு கெட்ட வருஷம் வந்தபின் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு காலம் ஆனது? கனத்த அடியுள்ள சொம்பைத் தட்டினால் இரண்டு ஆட்டம் ஆடி நின்றுவிடும். அடி தேய்ந்த சொம்பு ஆடிக்கொண்டே இருக்கும், ஆனால் அதுவும் விழவில்லைதான். அப்படித் திரும்புவது வரவர மெதுவாகிக்கொண்டே போனால், உள்ளே பிடிப்பு தளர்கிறது என்று அர்த்தம். பார்வைக்கு எல்லாம் பழையபடியே இருக்கும். மழை பெய்யும், ஏரி நிரம்பும். திரும்பி வருவதில்தான் தாமதம் தெரியும்.

எப்போது கவிழும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. சில சமயம் அறிகுறி இருக்கும், கவிழாது. சில சமயம் அறிகுறியே இல்லாமல் கவிழ்ந்துவிடும். இதை ஒருமுறை சாமுவுக்கு விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இன்னாத்துக்கு அக்கா அந்த சயின்ஸு?" என்றான்.

3

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். அம்மா காலமான பிறகு நைனா சித்தூர் வீட்டில் தனியாக இருந்தார். சாமு திருப்பதியில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை மனைவி சுகுணாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி சித்தூர் வந்துவிடுவான். காலையில் கோயில், அதாவது எங்கள் மிஷன் காலத்துச் சர்ச். மதியம் கறிச்சோறு. சாயங்காலம் குடும்ப ஜெபம். ஜெபத்துக்கு முன் போனை அலமாரியில் சாய்த்து வைத்து என்னைக் கூப்பிடுவார்கள். எங்களுக்கு அப்போது மதியச் சாப்பாடு முடிந்த நேரம்.

நைனா முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான். "துன்னியா பாப்பா?"

"துன்னுட்டேன் நைனா."

அப்புறம் பாட்டு. அது எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் இல்லாத கீர்த்தனை. நைனாவின் அப்பா கங்காதர நெல்லூரில் உபதேசியாராக இருந்தார். தொடர்ந்து மழை பொய்த்து ஒரு வருஷம் ஏரி நிரம்பியபோது அவர் கட்டியது. எங்கள் குடும்பத்தில் மட்டும் பாடுவோம். பல்லவியை நைனா எடுப்பார், இரண்டு சரணத்தையும் அவரே நடத்துவார், மற்றவர்கள் தாழ்ந்த குரலில் கூடப் பாடுவார்கள். இரண்டாம் சரணம் இப்படிப் போகும்:

ஏரி நிறைந்ததும் உம்மாலே – எங்கள்
ஏர்முனை நின்றதும் உம்மாலே
மாரி பொய்த்த நாளிலுமே – எங்கள்
வாசலை விட்டுப் போகாதவரே

போன் வழியாகப் பாட்டுக் கேட்பது ஒரு கஷ்டம். பல பேர் ஒன்றாகப் பாடினால் எந்தக் குரல் பெரிதோ அதைத்தான் அது அனுப்பும். 'ஏர்முனை' வரைக்கும் நைனாவின் கட்டைக்குரல் வரும். அப்புறம் ஒரு சின்ன இடைவெளி, பிறகு திடீரென்று சுகுணாவின் குரல் உரக்கக் கேட்கும், கூடவே சாமுவும் பிள்ளைகளும். நைனாவின் குரல் பிறகு எங்கோ வந்து சேர்ந்துகொள்ளும். சித்தூர் நெட்வொர்க்கை நான் மனதாரத் திட்டுவேன். ரூத் அந்தப் பாட்டுக்கே 'நெட்வொர்க் பாட்டு' என்று பெயர் வைத்திருந்தாள். தாத்தாவுக்குக் கையசைத்துவிட்டு, அந்த இடைவெளி வரும்போது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போவாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியிருந்த ஒரே வேடிக்கை அது.

4

பாயசம் குடித்த அந்த வாரத்தில்தான் சாமு வழக்கமில்லாமல் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டான்.

"அக்கா, நைனா பால அடுப்புல வெச்சிட்டு பன்னு வாங்க கடைக்கு பூட்டாரு. வர்ற வழில யாரோ கிட்ட பேசிக்கினு நின்னுட்டாரு போல. பக்கத்து வூட்டம்மா பொகையப் பார்த்துட்டு ஓடியாந்து அடுப்ப ஆப் பண்ணாங்க."

"நைனாவுக்கு ஒன்னும் ஆகலையே?"

"அவருக்கு இன்னா, சிரிச்சிக்கினு கீறாரு. எனக்குத்தான் இங்க டூட்டில வேல ஓடல. நான் எவ்ளோ நாளா சொல்றேன், இங்க திருப்பதிக்கு கூட்டியாந்துடலாம்னு."

இந்தப் பேச்சு எங்களுக்குள் பழையது. நைனா திருப்பதிக்கு வர மாட்டேன் என்பதில் பிடிவாதம். மூன்றாம் மாடி, லிப்ட், அடுக்குமாடியில் யாருக்கும் யாரையும் தெரியாது, அங்கிருக்கும் கோயிலில் பாட்டுக்கு டிரம்ஸ் அடிக்கிறார்கள் என்று அவரிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம், "என்ன பார்த்துக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்னா நான் வரணும். எனக்கு யாரும் தேவல." நான் எப்போதும் நைனா கட்சி. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளாதவளுக்குக் கட்சி சேர்வது சுலபம், அது எனக்கும் தெரியும். ஆனாலும் அவருடைய வீடு, அவருடைய தெரு, அதைப் பிடுங்க நாம் யார் என்று வாதாடுவேன்.

"ஒரு நாள் மறந்து போறது எனக்கும்தான் நடக்குது சாமு. வாரா வாரம் அந்தக் கீர்த்தனைய முழுசா பாடறாரு இல்ல? அவ்ளோ நீளத்துக்கு உனக்கு ஞாபகம் கீதா?"

"சரே அக்கா, நீ சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டான். வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

5

அதற்கு அடுத்த நாள் அலுவலகத்தில் வேறொரு இடி. நாங்கள் அனுப்பியிருந்த கட்டுரையைப் படித்துப் பார்த்த ஒருவர் கேள்வி எழுப்பியிருந்தார். பெயர் தெரியாத ஒருவர் படித்துக் குறை சொல்வதுதான் எங்கள் தொழிலில் முறை. அவர் கேட்டது இது. ஒரு குழாய் மண் முடிந்து அடுத்த குழாய் மண் தொடங்கும் இடத்தில் கொஞ்சம் மண் தொலைந்துபோகும். அந்த இடங்களை நீங்கள் எப்படி நிரப்பினீர்கள்?

எல்லாரும் நிரப்புகிற மாதிரிதான் நிரப்பியிருந்தோம். இந்தப் பக்கத்து அளவுக்கும் அந்தப் பக்கத்து அளவுக்கும் நடுவே ஒரு கோட்டை இழுத்து, அதிலிருந்து எண்களை எடுத்துப் போட்டிருந்தோம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு எண்ணும் முந்தையதைப் போலவே சாதுவாக இருக்கும். மெதுவாகத் திரும்பும் காலத்திலும் ஒவ்வொரு வருஷமும் முந்தைய வருஷத்தை ஒட்டியே இருக்கும், அதனால் நாங்கள் தேடும் அறிகுறியும் பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆக, பூமி தளர்ந்ததால் அறிகுறி வந்ததா, எங்கள் கோட்டினால் வந்ததா? அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நிரப்பியதையெல்லாம் எடுத்துவிட்டு, இடைவெளிகளை இடைவெளிகளாகவே விட்டு மறுபடி கணக்குப் போட்டோம். எங்கள் அறிகுறியில் பாதிதான் மிஞ்சியது. வருஷக்கணக்கான உழைப்பு. அன்று டிராமில் வீட்டுக்கு வரும்போது இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

தாண்டிப் போன நிறுத்தத்தில், எதிர்த் திசை டிராமுக்காகக் காற்றில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அது புத்தியில் பட்டது. நெட்வொர்க் எங்கேயாவது வாரா வாரம் ஒரே அடியில் அறுந்துபோகுமா?

எங்கள் கோயிலில் ஒரு பழக்கம் உண்டு. பாட்டை நடத்துகிறவர் நடுவில் தடுமாறினால் அவரை நிற்க விடமாட்டார்கள். முன்பெஞ்சில் இருக்கிறவர் அடுத்த அடியை உரக்க எடுத்துக் கொடுப்பார், மொத்தச் சபையும் சேர்ந்து தூக்கிக்கொண்டு போய்விடும். தடுமாறியதே தெரியாது. அப்புறம் வெளியில் வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள், பேசினால் கேவலம். வாசிக்கத் தெரியாதவர்கள் பாட்டுகளை மனப்பாடமாகவே பாடிய காலத்திலிருந்து வந்த மரியாதை அது. சிறுமியாக நானும் எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

நின்ற இடத்திலிருந்தே சாமுவைக் கூப்பிட்டேன். "ரெண்டாம் சரணத்துல நைனாவுக்கு சுகுணா எடுத்துக் குடுக்கறாளா?"

"ஆமாக்கா."

"எப்ப இருந்து?"

"போன மாங்கா சீசன்ல இருந்து இருக்கும். முன்னால அப்பப்ப. இப்ப வாரா வாரம்."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"இதெல்லாம் யாராவது சொல்லுவாங்களா?"

அவன் சொன்னது சரி. சொல்ல மாட்டார்கள். நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

டிராம் வந்தது. உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, போன வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மறதி வந்ததை விட அதிலிருந்து அவர் எங்கே திரும்பி வந்தார் என்பதுதான் என் கேள்வி. மாங்காய் சீசனில் 'மாரி' என்று இவர்கள் எடுத்ததும் 'பொய்த்த' என்று அவர் குரல் சேர்ந்துவிடும். கிறிஸ்துமஸ் சமயத்தில் 'வாசலை' என்ற இடத்தில்தான் சேர்ந்தது. இப்போது சரணம் முடிந்து பல்லவி திரும்பும் வரைக்கும் அவர் குரல் கேட்பதில்லை. பெரிய குரலைத்தான் போன் அனுப்பும் என்று நானே அதற்கும் ஒரு காரணம் கற்பித்து வைத்திருந்தேன். ஆய்வுக்கூடத்தில் நிரப்பி வைத்ததால் இல்லாத அறிகுறி தெரிந்தது. வீட்டில் நிரப்பி வைத்ததால் இருந்த அறிகுறி மறைந்துபோனது. அழுகை வந்தது. டிராமில் அழுதால் இங்கே யாரும் கேட்க மாட்டார்கள், அது ஒரு வசதி.

6

"இந்த ஞாயித்துக்கெழம யாரும் எடுத்துக் குடுக்காதீங்க" என்று சாமுவிடம் சொன்னேன். "எவ்ளோ தூரம் கீதுன்னு தெரியணும். தெரிஞ்சாதான் தனியா வுடலாமா கூடாதான்னு முடிவு பண்ண முடியும்."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நைனாவுக்கு பரீட்ச வெக்க சொல்றியா? நம்ம கோயில்ல யாரையாவது அப்டி நிக்க வுட்டு வேடிக்க பார்த்திருக்கியா நீ?"

"இல்ல."

"அப்புறம்?"

"நான்தான் இவ்ளோ நாளா தனியா வுடலாம்னு சொன்னவ. இந்தப் பாட்ட வெச்சித்தான் சொன்னேன்."

சுகுணா போனை வாங்கிக்கொண்டாள். அதிகம் பேசாத பெண். "அண்ணி, நான் வாய மூடிக்கினு இருக்கறேன். ஆனா ஒரு வாட்டிதான். மாமா மொகத்த பார்த்துக்கினு ரெண்டாவது வாட்டி என்னால முடியாது."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இங்கே தூறல். ரூத்தையும் பக்கத்தில் உட்காரச் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. போனில் சித்தூர் வீட்டுக் கூடம் தெரிந்தது. நைனா வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. "துன்னியா பாப்பா?" என்றார். துன்னுட்டேன் என்றேன். உண்மையில் ஒரு வாய் கூட இறங்கியிருக்கவில்லை.

பல்லவி நன்றாக வந்தது. முதல் சரணம் ஒரு பிசிறில்லாமல் வந்தது. இரண்டாம் சரணம் எடுத்தார். ஏரி நிறைந்தது. ஏர்முனை நின்றது. பாட்டும் நின்றது.

யாரும் எடுக்கவில்லை. சாமு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுகுணா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார்கள் போல, அவர்களும் கல்லாக உட்கார்ந்திருந்தார்கள். நெட்வொர்க் அன்று பளிங்குபோல் இருந்தது, சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கூட எனக்குக் கேட்டது. இதற்குப் பெயர் ஆராய்ச்சியா என்று என்மேலேயே வெறுப்பாக இருந்தது. நைனா ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் பதற்றமில்லை. கொஞ்சம் ஆச்சரியம் இருந்தது, அவ்வளவுதான்.

"இன்னா?" என்றார். "எல்லாருக்கும் மறந்து பூட்ச்சா?"

பிள்ளைகள் சாமுவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பரவால்ல. அதுக்கு ஏன் மொகத்த அப்டி வெச்சிக்கினு கீறீங்க? மொதல்ல இருந்து பாடலாம், தானா வந்துடும்" என்று சொல்லிவிட்டு, எங்களுக்காகப் பல்லவியை மறுபடி எடுத்தார். நிதானமாக, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. மறுபடியும் ஏர்முனை வரை வந்தார்.

சுகுணாதான் முதலில். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவள், இரண்டாம் தடவைக்கு அவள் வாக்குக் கொடுக்கவில்லை. "மாரி" என்று அவள் எடுத்ததும் சாமு சேர்ந்தான், பிள்ளைகள் சேர்ந்தார்கள். நானும் இங்கிருந்து உரக்கப் பாடினேன், என் குரல் அங்கே போய்ச் சேர்வதற்குள் அவர்கள் அடுத்த அடிக்குப் போயிருப்பார்கள். பல்லவி திரும்பும்போது நைனா வந்து சேர்ந்தார். பாட்டு முடிந்ததும் திருப்தியாகத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பார்த்தியா பாப்பா" என்றார் போனைப் பார்த்து. "நான் எடுத்துக் குடுக்கலன்னா இவங்களுக்கு ஒரு அடி வராது."

ரூத் என்னைப் பார்த்தாள். இந்த முறை கண்ணைச் சிமிட்டவில்லை. "இது நெட்வொர்க் இல்லை, இல்லையாம்மா?" என்று தமிழில் கேட்டாள்.

7

நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாமு என்னைவிடப் புத்திசாலி. எழுந்து போய் நைனா பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நெஜம்தான் நைனா. எங்களுக்கு மறந்துக்கினே போகுது. பசங்களுக்கு சுத்தமா வர்ல. வாரத்துல ஒரு நாளு பாடினா பத்தாது. நீ திருப்பதிக்கு வந்து எங்களாண்ட இருந்தா, தெனமும் பாடலாம்."

நைனா யோசித்தார். தனக்காக என்றால் எத்தனை வருஷம் கேட்டாலும் இறங்கி வந்திருக்க மாட்டார். பேரப்பிள்ளைகளைப் பார்த்தார். அவர்கள் இன்னும் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தார்கள், அதுவே போதுமான சாட்சியாக இருந்தது.

"ஜெபத்துல ட்ரம்ஸு கிம்ஸு வாசிக்கக் கூடாது" என்றார்.

"வாசிக்க மாட்டோம்."

"அப்ப வர்றேன். உங்களுக்கு வர்ற வரைக்கும்தான் இருப்பேன்."

அடுத்த வாரமே சித்தூர் வீட்டைப் பூட்டிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சாமு வாசலைப் படம் எடுத்து அனுப்பினான், பூட்டு புதிதாக இருந்தது. அந்த வீட்டுக்காக நான் எவ்வளவோ வாதாடியிருக்கிறேன். படத்தைப் பார்த்தபோது வருத்தப்பட வேண்டும் என்று தோன்றியதே தவிர, வருத்தம் வரவில்லை. வருத்தத்துக்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. வேலையில் கட்டுரையை மாற்றி எழுதி அனுப்பிவிட்டோம். தொலைந்த மண் இருந்த இடங்களில் ஒன்றும் போடாமல் வெறுமையாக விட்டிருக்கிறோம். கண்டுபிடித்தது குறைவுதான், ஆனால் அது எங்கள் கைவேலை இல்லை என்று இப்போது சொல்லலாம். நைனாவின் பாட்டில் அப்படி விட நான் இனிமேல் சொல்ல மாட்டேன். தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது, இனி நிரப்பிக்கொண்டே போக வேண்டியதுதான்.

ஊருக்குப் போய் அவர் பக்கத்தில் இருக்கலாமென்று ஆறு மாத விடுப்பைப் பற்றி விசாரித்தேன். அதற்குமேல் ஒரு நாள் வெளியில் இருந்தாலும் வசிப்பு அட்டைக்குச் சிக்கல் வரலாம், ரூத்தின் பள்ளி இருக்கிறது, என் கணவரின் வேலை இருக்கிறது. கோடை விடுமுறைக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம். ரூத்தும் வருகிறாள், தானாகவே சொன்னாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. திருப்பதியிலிருந்து முதல் ஜெபம். மூன்றாம் மாடிச் சன்னலுக்குப் பின்னால் மலை தெரிந்தது. நைனா நடுநாயகமாக உட்கார்ந்து பாடினார். ஏர்முனையில் அவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன், பல்லவியில் அவர் வந்து சேர்ந்தார். முடிந்ததும் போனைக் கையில் வாங்கி முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டார். திரை முழுக்க அவர் நெற்றியும் கண்ணாடியும்தான் தெரிந்தன.

"துன்னியா பாப்பா?"

"துன்னுட்டேன் நைனா."

"இவங்களுக்கு மறந்து போனா எடுத்துக் குடுக்க நான் கீறேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். அடுத்த சொல்லைத் தேடுகிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் தேடவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க உனக்கு யாரு எடுத்துக் குடுக்கறாங்க?"

மலை, சன்னல், நைனா எல்லாம் தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தன.

"கேக்கல நைனா" என்றேன். "நெட்வொர்க் சரியில்ல."